பல்கலைக்கழகப் பொறியும் பாலக்கரைப் பலகையும்

வேந்தனுக்குக் கொடி எத்தகையதோ, கல்விக் கழகத்திற்கு அதன் அடையாளப்பொறி அத்தகையது. கொடி சாய்ந்தால் படை கலங்கும். பொறி தாழ்ந்தால் பட்டம் மதிப்பிழக்கும். இன்று ‘லோகோ’ என்று பலரும் ஆங்கிலத்தால் குறிக்கும் அதனைப் பண்டைத் தமிழர் ‘பொறி’ என்றனர். சின்னம், இலச்சினை என்பன பின்னர் வந்து கலந்த சொற்கள். சோழர்க்குப் புலிப்பொறி, பாண்டியர்க்குக் கயற்பொறி, சேரர்க்கு விற்பொறி என மூவேந்தர்க்கும் பொறி இருந்தது. அப் பொறியை எவர் பொறிப்பது, எதன்மேல் பொறிப்பது, எதற்காகப் பொறிப்பது என்பதற்கு முறையும் இருந்தது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் இறங்கும் பண்டங்களின்மேலும் ஏறும் பண்டங்களின்மேலும் அரசின் அலுவலர் புலிப்பொறி இட்ட செய்தியைக் கூறுகின்றது. அஃது அழகுக்காக இட்ட கோலமன்று. அப் பண்டம் அரசின் ஆய்வுக்கு உட்பட்டது என்பதற்குச் சான்று. பிற்காலச் சோழரின் செப்பேடுகளைக் கோத்த வளையத்து முத்திரையில் புலியோடு இரு கயலும் வில்லும் ஒருங்கே அமைந்தன. முந்நிலமும் ஓராணைக்கு உட்பட்டமையை அச் சிறுவட்டம் சொற்பெருக்கின்றி உணர்த்திற்று. புலிப்பொறிக்குரிய சோழரின் பழந்தலைநகராகிய உறையூர், இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. பொறியின் பெருமையை இந்நகரத்தார்க்குப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இன்று நிலை என்ன? மலைக்கோட்டைக்குத் தெற்கே அமைந்த பாலக்கரையிலாயினும், நகரின் வேறெந்தக் கடைத்தெருவிலாயினும், பல்கலைக்கழகப் பொறியை எங்கெங்கோ காண நேர்கின்றது. ஆய்வேட்டின் அட்டையில் இருக்கின்றது. அஃது இருக்க வேண்டிய இடம். தனிப்பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தட்டியிலும் இருக்கின்றது. அஃது இருக்கத்தகாத இடம். பட்டம் பெற்றவரை வாழ்த்தும் பதாகையில் அவர் படத்தினும் பெரிதாக நிற்கின்றது. ஆய்வேட்டைத் தட்டச்சிட்டு நூற்கட்டு அமைக்கும் கடையில், இணையத்தில் அகப்பட்ட மங்கலான படத்தை எடுத்து, அட்டையின் அகலத்திற்கேற்ப இழுத்து ஒட்டுகின்றனர். வட்டம் முட்டையாகின்றது, எழுத்து எறும்பாகின்றது, வண்ணம் அச்சுப்பொறியில் எந்த மை எஞ்சியிருந்ததோ அதுவாகின்றது.

இதற்குக் கடைக்காரரைக் குறை கூறுதல் முறையன்று. அவர் கையில் நல்ல படி இல்லை. நெறி கூறும் தாளும் இல்லை. பல்கலைக்கழகங்கள் இத்தகைய நெறிகளை வகுத்தாலும், அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. பொறியை நாள்தோறும் கையாளும் அச்சுத் தொழிலாளிக்கும், பலகை எழுதுவார்க்கும், அலுவலக எழுத்தர்க்கும் விளங்காத மொழியில் எழுதிய நெறி எவர்க்காக எழுதப்பட்டது? 

பொதுமுத்திரையும் அடையாளப்பொறியும்

பாவேந்தர் பாரதிதாசனார் பெயரால் திருச்சிராப்பள்ளியில் 1982 பிப்பிரவரியில் தோன்றியது பாரதிதாசன் பல்கலைக்கழகம். புதுக்கோட்டைச் சாலையில் அமைந்த அதன் பல்கலைப்பேரூர் வளாகம் காவிரிப் படுகை மாவட்டங்களின் கல்லூரிகள் பலவற்றுக்குத் தலைமையிடம். சட்டத்தால் தோன்றும் இத்தகைய பல்கலைக்கழகம் எதுவும் அறுபடாத் தொடர்ச்சியும் ‘பொதுமுத்திரை’யும் உடைய சட்டவாள் என்பது சட்ட மரபு. துணைவேந்தர் வருவர், போவர், ஆட்சிக்குழுவினர் மாறுவர், முத்திரை நிற்கும். கழகம் கையொப்பமிட இயலாது, அதற்குக் கையில்லை. முத்திரையே அதன் கை. முத்திரையே அதன் வாய்ச்சொல்.

ஆகவே முதற்கண் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். பட்டச் சான்றிதழிலும் உடன்படிக்கையிலும் இடம்பெறும் முத்திரை வேறு. மடல் தலைப்பிலும் அறிவிப்பிலும் இணையப் பக்கத்திலும் இடம்பெறும் அடையாளப்பொறி வேறு. முன்னது உறுதிமொழி; பின்னது முகவரி. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, முத்திரையைப் பட்டத்திற்கும் ஆட்சி ஆவணத்திற்கும் மட்டும் ஒதுக்கி, அன்றாடப் புழக்கத்திற்கு எளிய பொறியொன்றைத் தனியே வைத்துள்ளன. இங்கோ இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பட்டத்தில் பொறிக்க வேண்டியதைப் பைமீதும் குடுவைமீதும் பொறித்தால், நாளடைவில் பட்டத்தையும் பை போலவே உலகம் மதிக்கும்.

இந்திய அரசின் சின்னத்திற்கு இத்தகைய வரையறை உண்டு. 1950 ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் பற்றிய சட்டம், பட்டியலிட்ட சின்னங்களை வாணிகத்திற்குப் பயன்படுத்துவதைத் தடுத்தது. 2005 ஆம் ஆண்டின் தனிச்சட்டமும் 2007 ஆம் ஆண்டின் விதிகளும் நான்முக அரிமாச் சின்னத்தை எவரெவர் எங்கெங்கே பயன்படுத்தலாம் என்று வரையறுத்தன. முன்னாள் அமைச்சரும், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும், ஓய்வுபெற்ற நடுவரும்கூட அதனைத் தம் மடலில் பொறித்துக்கொள்ள இயலாது என்பது அவ் விதி. இதன் கருத்து தெளிவு: பொறி பதவிக்குரியது, ஆளுக்குரியதன்று. பல்கலைக்கழகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவரும், அங்கே ஒருநாள் சொற்பொழிவாற்றியவரும், அதன் பொறியைத் தம் பெயரட்டையில் வாழ்நாளெல்லாம் சுமந்து திரிதல் இந் நெறிக்கு ஒவ்வாது.

ஏமாற்றுக்குத் திறவுகோல்

பொறியைப் பற்றிய நெறி வெறும் அழகுக்கலை வல்லுநர் கவலை என்று எண்ணுவோர் உளர். அவர்கள் போலிப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றை நோக்குதல் நன்று. 1956 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22 ஆம் பிரிவில் பட்டம் வழங்கும் உரிமை எவர்க்கு என்பதையும், 23 ஆம் பிரிவில் ‘பல்கலைக்கழகம்’ என்னும் பெயரை எவர் தாங்கலாம் என்பதையும் வரையறுத்தது. அவ்வாறு வரையறுத்தும், அக் குழு போலிகளின் பட்டியலை மீண்டும் மீண்டும் வெளியிட வேண்டியதாயிற்று. அப் பட்டியலில், திருச்சிராப்பள்ளிப் புத்தூர் முகவரியோடு சமற்கிருதப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பூண்ட ஒன்று பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. சத்தீசுகரில் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முளைத்த நூற்றுக்கு மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள், 2005 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிலையிழந்தன.

பெயரைக் காக்க 23 ஆம் பிரிவு உண்டு. பொறியைக் காப்பது யார்? சிற்றூரிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் உழவர் மகன் சட்டப்பிரிவைப் படிப்பதில்லை, பலகையைப் பார்க்கின்றான். வட்டத்துள் ஒரு விளக்கு, ஒரு சுவடி, கீழே ஒரு சுருள் என அமைந்திருந்தால் அதனைப் பல்கலைக்கழகம் என்றே நம்புகின்றான். தாலிக்கொடியை அடகு வைத்து அவன் தாய் தந்த பணம் அப் பலகையின்கீழ்க் கைமாறுகின்றது. உண்மைப் பல்கலைக்கழகமே தன் பொறியைக் கண்டவர் கையிலெல்லாம் விட்டுவிட்டால், எது மெய், எது பொய் என்று அவன் எங்ஙனம் அறிவான்? எனவே பொறியைக் காக்கும் நெறி அவ் ஏழை மாணவனைக் காக்கும் வேலி.

எழுத்தை மறந்த நெறிகள்

பல்கலைக்கழகங்கள் வகுக்கும் பொறிநெறிகளின் பொதுத்தன்மை அனைவரும் அறிந்ததே. பொறியை நீட்டவோ குறுக்கவோ சாய்க்கவோ கூடாது. குறித்த வண்ணத்தை மாற்றலாகாது. சுற்றிலும் இவ்வளவு இடம் வெறுமையாக விடல் வேண்டும். இன்ன அளவினும் சிறிதாக அச்சிடலாகாது. துறைகளும் மாணவர் மன்றங்களும் தனித்தனிப் பொறி அமைத்துக்கொள்ளலாகாது. வணிகர்க்கு எழுத்து வழி இசைவின்றித் தரலாகாது. இவை அனைத்தும் வேண்டுவனவே. ஆனால் வண்ணத்திற்கு எண் குறிக்கும் நெறி, தமிழ் எழுத்துக்கு யாது கூறுகின்றது? வெறுமையான இடத்திற்கு அளவு கூறும் நெறி, தாய்மொழி நிற்கும் இடத்திற்கு அளவு கூறுகின்றதா? தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மடல்களையும் இணையப் பக்கங்களையும் நோக்குவார்க்கு விடை எளிதில் கிடைக்கும். பல இடங்களில் ஆங்கிலப் பெயர் நெடிதாக நிமிர்ந்து நிற்கத் தமிழ்ப் பெயர் வட்டத்தின் விளிம்பில் உருப்பெருக்கியால் தேட வேண்டிய அளவில் ஒடுங்கிக் கிடக்கின்றது.

எழுத்து சிறிது என்று எண்ணற்க. 2025 மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையின் பொறியில், 2010 இல் இந்திய அரசு ஏற்ற உருபாக் குறிக்கு மாற்றாக ‘ரூ’ என்னும் ஒரே எழுத்து இடம்பெற்றது. அந்த ஓரெழுத்து இந்தியா முழுதும் பேச்சாயிற்று. அக் குறியை வரைந்தவரும் உதயகுமார் என்னும் தமிழரே என்பது தனிக்கதை. ஓரெழுத்திற்கு இத்துணை ஆற்றல் உண்டெனில், ஒரு பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் எம்மொழியில் முதலில் நிற்கின்றது என்பது சிறு செய்தியாமோ?

எழுத்தின் வடிவமும் எண்ணத்தக்கது. 1978 அக்குதோபர் 19 ஆம் நாள் அரசாணையால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ‘பல்கலைக்கழகம்’ என்னும் சொல்லிலேயே ‘லை’ இருத்தலால், தமிழில் பெயர் பொறிக்கும் எந்தப் பல்கலைக்கழகமும் இதிலிருந்து தப்ப இயலாது. 1978 க்கு முற்பட்ட கழகங்கள் பழைய வடிவைப் போற்றலாம். புதிய வடிவை ஏற்கலாம். ஒரே கழகத்தின் வாயிற்பலகையில் ஒன்றும் மடலில் மற்றொன்றும் இருத்தல் மட்டும் தகாது. அவ்வாறே சந்தியும். ‘சென்னைப் பல்கலைக்கழகம்’, ‘தமிழ்ப் பல்கலைக்கழகம்’ என வல்லினம் மிக்கே வரும். ஓரிடத்தில் ‘ப்’ இட்டும் ஓரிடத்தில் விட்டும் எழுதும் கல்விக் கழகம், மாணவர்க்கு எந்த இலக்கணத்தைக் கற்பிக்கும்?

கணிப்பொறி வந்தபின் புதிய இடரும் சேர்ந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ்ப் பெயரைத் திறந்தால் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் சிதறும். புள்ளி நழுவி மெய் உயிர்மெய்யாகும். இதற்கு மருந்து எளிது. பொறியிலுள்ள எழுத்துகளைத் தட்டச்சாக விடாது கோட்டுருவாக்கி, எந்தக் கணிப்பொறியிலும் எந்த அளவிலும் குலையாத படியாகப் பல்கலைக்கழகமே வழங்கினால் போதும். பாலக்கரை அச்சகத்தார் அதனை அப்படியே எடுத்து வைப்பர். செய்ய வேண்டுவது ஒருநாள் பணி. செய்யாமையால் விளைவது ஆண்டுக்கணக்கில் அலங்கோலம்.

குறிக்கோளுரை எம்மொழியில்?

பொறியின் உயிர் அதன் குறிக்கோளுரை. 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் உரோமப் புலவர் ஓரேசின் பாடலிலிருந்து எடுத்த இலத்தீன் தொடரைப் பொறித்துக்கொண்டது. 1844 இல் நாகையில் தோன்றி 1883 இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த தூய வளனார் கல்லூரியும் இலத்தீனையே கொண்டது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உரை சமற்கிருதம். இந்திய அரசின் சின்னத்தில் நாகரி எழுத்தில் அமைந்த உரை, 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சின்னத்தின் பிரிக்க இயலாத உறுப்பு. ஆண்டவர் மொழியும் ஆள்வோர் மொழியும் பொறியேறிய இந் நாட்டில், மண்ணின் மொழி பொறியேறுதற்குப் போராட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டரசின் பொறியில் ‘வாய்மையே வெல்லும்’ என்று தமிழ் அமைந்தது 1967 இன் ஆட்சி மாற்றத்திற்குப் பின்னரே.

அதன் பின்னர் வந்த கழகங்கள் நல்வழி காட்டின. 1981 இல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் திருக்குறள் தொடரைக் கொண்டது. கடல்கடந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் திருக்குறளையே நாடிற்று. பாரதிதாசன் பல்கலைக்கழகம், புத்துலகு படைக்க அழைக்கும் பாவேந்தரின் பாட்டடியையே தன் குறிக்கோளுரையாக்கிற்று. 

ஆயின் அதன் ஆங்கில வடிவில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பாவேந்தர் பாடியது புதிய உலகம். ஆங்கிலத்தில் அது ‘பிரேவ் நியூ வோர்ல்டு’ ஆயிற்று. அச் சொற்றொடர் செகப்பிரியரின் ‘புயல்’ நாடகத்தது. 1932 இல் ஆல்டசு அக்சுலி அதனையே எள்ளலாகத் தம் புதினத்திற்குப் பெயராக்கினார்; குப்பிகளில் மாந்தரை விளைவித்து, உரிமையுணர்ச்சியை மருந்தால் அடக்கிய கொடிய எதிர்காலத்தைக் காட்டும் கதை அது. போரற்ற பொதுமைப் புத்துலகை விழைந்த பாவேந்தரின் அடி, ஆங்கில ஆடை உடுத்தவுடன் அவர் வெறுத்திருக்கக்கூடிய உலகின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மூலத்தை மூலமாகவே விட்டு, வேண்டுமிடத்து எளிய உரை தருதலே பொறிக்குப் பொருந்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

“ஆங்கிலம் இன்றேல் அயல்நாட்டார் அறியார்” என்பர் சிலர். சீனத்துப் பீகிங் பல்கலைக்கழகத்தின் பொறியை எண்ணுக. 1917 இல் எழுத்தாளர் இலூ சூன் வரைந்த அப் பொறி, அக் கழகத்தின் சுருக்கப்பெயரைக் குறிக்கும் இரு சீன எழுத்துகளின் பண்டை வடிவமே. உலக அறிஞர் அதனைக் கண்டு திகைக்கவுமில்லை. அக் கழகத்தை நாடாமல் விடவுமில்லை. தகுதி இருந்தால் எழுத்து தடையாகாது. தகுதி இன்றேல் எந்த எழுத்தும் துணையாகாது.

கடைக்கொரு நீதி, கழகத்திற்கொரு நீதியா?

தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1948 ஆம் ஆண்டு விதிகளின்படி, பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மை பெறல் வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்பவற்றுக்கு 5:3:2 என்னும் அளவு வழங்கி வருகின்றது. பாலக்கரையில் மளிகை விற்பாரும் மருந்து விற்பாரும் இதற்குக் கட்டுப்பட்டவர். கட்டுப்படாதவரை அலுவலர் கேட்கலாம். அரிசி விற்கும் பலகைக்குத் தமிழ் ஐந்து பங்கு வேண்டுமெனில், அறிவு வழங்கும் பலகைக்கு எத்துணைப் பங்கு வேண்டும்? 1956 இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய மாநிலத்தில், மக்கள் வரிப்பணத்தால் வாழும் பல்கலைக்கழகத்தை வினவுவார் யார்? கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி 1964 சனவரி 25 இல் தமிழுக்காகத் தம் உடலைத் தீக்கிரையாக்கிய நகர் இது. 1938 இல் தமிழர் பெரும்படை சென்னை நோக்கி நடைதொடங்கிய நகரும் இதுவே. இங்கேனும் கழகம் கடைக்குப் பின்தங்கலாகாது.

மாற்றுவார் யார்?

பொறியைப் பயன்படுத்தும் நெறியினும் பெரிது, பொறியை மாற்றும் உரிமை. 2012 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் புதுப்பொறி ஒன்றை வெளியிட்டது. மாணவரும் பழைய மாணவருமாக ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் எதிர்த்துக் கையொப்பமிட, அவ்வாண்டு திசம்பரிலேயே அது கைவிடப்பட்டது. பொறியின் உரிமையாளர் ஆட்சியாளர் மட்டுமல்லர் என்பதை அந் நிகழ்ச்சி காட்டிற்று. இந்தியாவிலோ, 2023 இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பொறியில் தன்வந்திரி உருவம் வண்ணத்தில் பொலிந்தது. ‘இந்தியா’ ‘பாரத்’ ஆயிற்று. மருத்துவர் அமைப்புகள் குறை கூறியது மாற்றம் நிகழ்ந்த பின்னரே. இன்று ஆணையத்தில் நிகழ்ந்தது நாளை பல்கலைக்கழகத்தில் நிகழாது என்பதற்கு உறுதி யாது? ஒரு விடுமுறை நாளில் பாவேந்தர் அடி மறைந்து வேறொன்று அவ்விடத்தில் வந்தமர்ந்தால், தடுக்கும் நெறி எங்கே?

எனவே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள், அவற்றுள்ளும் பாவேந்தர் பெயர் தாங்கியது முன்னின்று, இவ் ஐந்து நெறிகளையேனும் வகுத்தல் கடன்:

ஒன்று, பொறியிலும் மடலிலும் வாயிற்பலகையிலும் தமிழ்ப் பெயரே முதலில், பெரிதாக, பிழையின்றி நிற்றல் வேண்டும். கடைக்குரிய ஐந்து பங்கிற்குக் கழகத்தின் பங்கு குறைதலாகாது.

இரண்டு, பொதுமுத்திரை பட்டத்திற்கும் ஆட்சி ஆவணத்திற்கும் மட்டுமே. அன்றாடப் புழக்கத்திற்கு அடையாளப்பொறி.

மூன்று, நெறிநூல் தமிழில் எழுதப்பெற்று, குலையாத பொறிப்படியோடு அச்சகத்தார்க்கும் பலகை எழுதுவார்க்கும் மாணவர்க்கும் விலையின்றிக் கிடைத்தல் வேண்டும். ஆங்கிலப் பெயர்ப்பு வேண்டுவார்க்குப் பின்னர்.

நான்கு, தனியார் நிலையங்கள் பொறியைப் பயன்படுத்தினால் அதனைப் பல்கலைக்கழகமே தேடிக் கண்டு நீக்குதல் வேண்டும். இசைவு பெற்ற கல்லூரிகளின் பட்டியல் தமிழில் எவரும் காணுமாறு இருத்தல் வேண்டும்.

ஐந்து, பொறியையும் குறிக்கோளுரையையும் மாற்ற எண்ணினால் ஆசிரியரும் மாணவரும் பொதுமக்களும் அறிய முன்னறிவித்து, ஆட்சிப்பேரவையில் வெளிப்படையாக ஆய்ந்த பின்னரே மாற்றுதல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் பெரும்பொருள் வேண்டுவதன்று. மனம் ஒன்றே வேண்டும். பட்டினப்பாலைக் காலத்துச் சுங்க அலுவலன் ஒரு மூட்டை மிளகின்மேல் பொறியிடும்போதும் தான் எவர் பெயரால் பொறியிடுகின்றான் என்பதை அறிந்திருந்தான். ஆயிரக்கணக்கான இளைஞரின் எதிர்காலத்தின்மேல் பொறியிடும் பல்கலைக்கழகம், தான் எம்மொழியின் பெயரால், எம்மக்களின் பெயரால் பொறியிடுகின்றது என்பதை மறத்தல் தகுமோ? தமிழாசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் கல்லூரி வாயிற்பலகையை நாளையே நிமிர்ந்து நோக்குக. அங்கே தமிழ் எவ்விடத்தில், எவ்வளவில், எவ்வாறு நிற்கின்றது என்று அளந்து, உரியவர்க்கு எழுதுக. விடை வரும்வரை மீண்டும் எழுதுக.